நாவழக்கு ஆங்கிலத்தை எழுத்தில் இடமறிந்து கையாளும் முறை

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்து கதை சொல்லும்போது 'மறுகா என்ன நடந்த தெரியுமா மனே' என்று கேட்பார். அவரே காணிப் பிணக்கு ஒன்றுக்காக மாவட்டச் செயலகமாகிய கச்சேரிக்கு மனு எழுத அமர்ந்தால் 'அதன் பின்னர் நிகழ்ந்தது யாதெனில்' என்று எழுதுவார். இந்த மாற்றத்தை எவரும் அவருக்கு விதி கூறிக் கற்பிக்கவில்லை. 'மறுகா' என்பது பிழையான சொல்லும் அன்று; அது இந்த மண்ணின் சொல், அழகிய சொல். ஆனால் அதற்கு ஓர் இடம் உண்டு என்பதும், மனு அந்த இடம் அன்று என்பதும் அவருக்குத் தெரியும். ஆங்கில நாவழக்குத் தொடர்களை, அதாவது அன்றாடப் பேச்சில் வழங்கும் தொடர்களை, எழுத்தில் கையாள்வதற்கு வேண்டிய அறிவும் இதே அறிவுதான். தமிழில் நம்மிடம் இயல்பாக இருக்கும் இந்த உணர்வை ஆங்கிலத்துக்கு எவ்வாறு கொண்டு செல்வது என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்த பின்னர் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வெளிநாட்டு உதவி அமைப்புகளின் அலுவலகங்கள் திறக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். பாடசாலையில் நான் கற்ற ஆங்கிலக் கடிதம் 'டியர் சேர்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று முடியும். அலுவலகத்திலோ 'ஹாய் ஓல்' என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் வந்தன. 'ஜஸ்ட் அ ஹெட்ஸ் அப்' என்றால் முன்கூட்டியே ஒன்றைத் தெரியப்படுத்துவது என்பதும், 'கிவ் மீ அ ஷௌட்' என்றால் தேவைப்பட்டால் என்னைத் தொடர்பு கொள்ளுங்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பின்னையதைக் கண்டு யாரோ என்னைக் கடிந்துகொள்கிறார் என்றே எண்ணினேன். சில மாதங்களில் அந்தத் தொடர்கள் பழகிவிட்டன. பழகியதும் நேர்மாறான தவற்றைச் செய்தேன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் உயர் அதிகாரிக்குச் செல்ல வேண்டிய கடிதத்தை 'கிவ் மீ அ ஷௌட்' என்று முடித்திருந்தேன். என் மேலாளர் அதை அனுப்பாமல் திருப்பித் தந்து, 'இவரை நீங்கள் நேரில் கண்டதுண்டா?' என்று மட்டும் கேட்டார். நாவழக்குத் தொடர் ஒன்றை எழுதுவதற்கு முன்னர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற் கேள்வி அதுவே என்று இன்றும் மாணவருக்குச் சொல்லி வருகிறேன்.

தூரத்தை அளத்தல்

தமிழில் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையிலுள்ள தூரத்தை உடனே காட்டிவிடும். அதற்கு மேல் 'அண்ணன்', 'மாமி', 'சேர்', 'ஐயா' என்னும் விளிகள் உள்ளன. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே உள்ளது. ஒரு காலத்தில் அங்கும் நெருக்கமான ஒருமைக்குத் 'தௌ' என்றும், பன்மைக்கும் மரியாதைக்கும் 'யூ' என்றும் இருந்தன. 17ஆம் நூற்றாண்டளவில் பொது வழக்கில் 'தௌ' உதிர்ந்து, மரியாதைச் சொல்லாகிய 'யூ' மட்டும் எல்லோருக்கும் உரியதாயிற்று. அதனால் ஆங்கிலத்தில் மரியாதையும் நெருக்கமும் பெயரில் தங்காமல், வினையிலும் சொற்றெரிவிலும் வாக்கியத்தின் நீளத்திலும் தங்குகின்றன.

இதை உணராததால் நம்மவர் இரு பக்கங்களிலும் தவறுகிறார்கள். ஒரு சாரார் 'நீங்கள்' இல்லாத குறையை நிரப்ப 'ரெஸ்பெக்டட் சேர்', 'கைன்ட்லி', 'ஹம்ப்லி' என்று சொற்களை அடுக்குகிறார்கள். மற்றொரு சாரார், எல்லோருக்கும் 'யூ' தானே, ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதலாம் என்று எண்ணி, பல்கலைக்கழக விரிவுரையாளருக்கும் நண்பனுக்கு எழுதுவது போல எழுதிவிடுகிறார்கள்.

எழுதத் தொடங்கும் முன்னர் படிக்கப் போகிறவரை மனத்தில் நிறுத்துங்கள். அவரை நேரில் கண்டிருக்கிறீர்களா? அவர் உங்களுக்கு எவ்வாறு எழுதியிருக்கிறார்? இந்தக் கடிதம் கோப்பில் இடப்பட்டு நாளை வேறொருவராலும் படிக்கப்படுமா? இவற்றுள் இரண்டாவது கேள்வி மிகவும் பயன் தருவது. ஒருவர் 'டியர் மிஸ்' என்று குடும்பப் பெயருடன் எழுதியிருந்தால் நீங்களும் அந்த அளவிலேயே எழுதுங்கள்; அவர் தம் முதற்பெயரை மட்டும் இட்டுக் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பெயரால் அவரை விளிக்கலாம் என்பதற்கு அது ஓர் இசைவு. தூரத்தின் அளவை மூத்தவரோ பதவியில் உயர்ந்தவரோ முதலில் குறைக்கட்டும், நாம் பின்தொடரலாம். பிரித்தானிய மரபில் பெயர் தெரியாதவருக்கு எழுதும் 'டியர் சேர்' 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்றும், பெயர் தெரிந்தவருக்கு எழுதுவது 'யுவர்ஸ் சின்சியர்லி' என்றும் முடியும். 'ஹாய்' என்று தொடங்கியதை 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' என்று முடித்தால் சாரத்துடன் மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்தது போலாகும்.

சுருக்க வடிவங்கள்

நாவழக்கின் முதற் படி சுருக்கங்களே. 'ஐ ஆம்' என்பது 'ஐம்' என்றும், 'டூ நொட்' என்பது 'டோன்ட்' என்றும், 'இட் இஸ்' என்பது 'இட்ஸ்' என்றும் ஆகின்றன. நண்பருக்கும், விருந்தினருக்கும், ஒன்றாகப் பணிபுரிவோருக்கும் எழுதும்போது இவை முற்றிலும் பொருத்தமானவை. ஆய்வேடு, உடன்படிக்கை, நீதிமன்றத்துக்குச் செல்லும் ஆவணம், முதன்முதலாக அனுப்பும் வேலை விண்ணப்பம் ஆகியவற்றில் தவிர்த்துவிடுவதே பாதுகாப்பு.

சுருக்கத்தில் எழுத்து விடுபட்ட இடத்தில், வரிக்கு மேலே தொங்கும் சிறு குறியாகிய அப்பொஸ்ட்ரொஃபி வரும். நம் மாணவர்கள் மிக அதிகமாகத் தவறுவது 'இட்ஸ்' என்பதிலேயே. குறியுடன் எழுதினால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்'. குறியின்றி எழுதினால் 'அதனுடைய' என்று பொருள். ஐயம் வந்தால் விரித்துப் பாருங்கள். 'விடுதியும் அதன் தோட்டமும்' என்று எழுதும் இடத்தில் 'இட் இஸ்' என்று விரித்தால் வாக்கியம் உடைந்துபோகும். ஆகவே அங்கே குறி வராது. 'உங்களுடைய' என்னும் பொருளில் வரும் 'யோர்' என்பதையும், 'யூ ஆர்' என்பதன் சுருக்கத்தையும், 'லெட் அஸ்' என்பதன் சுருக்கமாகிய 'லெட்ஸ்' என்பதையும் இதே சோதனையால் பிரித்துவிடலாம்.

சுருக்கத்துக்கு இன்னோர் எல்லையும் உண்டு; பாடநூல்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை. உடன்பாட்டுச் சுருக்கம் வாக்கியத்தின் இறுதியில் நிற்காது. 'நீங்கள் ஆசிரியரா?' என்ற கேள்விக்கு 'யெஸ், ஐ ஆம்' என்றே எழுத வேண்டும். 'யெஸ், ஐம்' என்று எழுத முடியாது. எதிர்மறைச் சுருக்கம் மட்டும் இறுதியில் நிற்கலாம்: 'நோ, ஐ டோன்ட்.' அத்துடன், நெருங்கியவருக்கு எழுதும்போது சுருக்கத்தை வேண்டுமென்றே விரித்து எழுதினால் குரல் கடுமையாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தோழிக்கு வட்ஸ்அப்பில் 'ஐ டூ நொட் வோன்ட் டு கோ' என்று முழுமையாக எழுதினால், சரியான ஆங்கிலம் எழுதியதாக நாம் நினைப்போம். அவளோ நாம் கோபத்தில் இருப்பதாகப் புரிந்துகொள்ளக்கூடும். ஆக, மிகையான முறைமையும் இடமறியாத எழுத்தே.

காதால் கேட்டவற்றை எழுதுதல்

'கோயிங் டு' என்பது பேச்சில் 'கொன்னா' என்றும், 'வோன்ட் டு' என்பது 'வொன்னா' என்றும், 'கொட் டு' என்பது 'கொட்டா' என்றும் ஒலிக்கும். படங்களிலும் பாட்டுகளிலும் இவற்றைக் கேட்ட இளையோர் எழுத்திலும் கொண்டுவருகிறார்கள். இவை பேச்சொலியை எழுத்தில் காட்டும் வடிவங்கள். குறுஞ்செய்தியிலும் கதை உரையாடலிலும் அன்றி வேறெங்கும் வரக்கூடாதவை. குறுஞ்செய்தியிலும் அவற்றுக்கு இலக்கணம் உண்டு. 'கொன்னா' என்பது எதிர்காலச் செயலை மட்டுமே குறிக்கும். அதற்குப் பின்னால் ஒரு வினை வரவேண்டும். 'நான் கொழும்புக்குப் போகிறேன்' என்பதை 'ஐம் கொன்னா கொலம்போ' என்று எழுதுவது பிழை, ஏனெனில் அங்கே 'கோயிங் டு' என்பது இடத்தை நோக்கிச் செல்வதைக் குறிக்கிறது. 'வொன்னா' என்பது 'ஹீ', 'ஷீ' என்பவற்றுடன் பொருந்தாது. அங்கே 'வோன்ட்ஸ் டு' என்றே வரும். நாவழக்கு என்றால் விதியற்றது என்னும் எண்ணமே இவ்வகைப் பிழைகளுக்கு வேர். மட்டக்களப்புப் பேச்சில் பெண்களை நோக்கிச் சொல்லும் 'என்னகா' என்பதில் உள்ள 'கா' எங்கே வரும், எங்கே வராது என்பது நமக்குத் தெரியும். வெளியூரார் ஒருவர் அதைக் கண்ட இடமெல்லாம் ஒட்டினால் உடனே இடறும் அல்லவா?

காதை மட்டும் நம்புவதால் வரும் இன்னொரு பிழை, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடமும் பரவலாக உள்ளது. 'குட் ஹேவ்' என்பதை விரைவாகச் சொல்லும்போது 'ஹேவ்' தேய்ந்து 'ஒவ்' போல ஒலிக்கும். அதைக் கேட்டவர் 'குட் ஒவ்' என்று, 'இன்' என்னும் நம் வேற்றுமை உருபுக்கு நிகரான சொல்லை அங்கே எழுதிவிடுகிறார். 'ஷுட் ஒவ்', 'வுட் ஒவ்' என்பனவும் அவ்வாறே. நாவழக்கு எழுத்தில்கூட இது பிழைதான். எந்த நெருக்கமும் இதைச் சரியாக்காது. 'அ லொட்' என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதும் இந்த வகையைச் சேர்ந்தது. அது எப்போதும் இரண்டு சொற்கள்.

மரபுத்தொடர்கள்

மரபுத்தொடரை எழுத்தில் பயன்படுத்துவோர் இரண்டு கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். முதலாவது, அதில் உள்ள ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது. 'வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது' என்பதில் வேலுக்குப் பதிலாகக் கத்தியை வைத்தால் தொடர் செத்துவிடும். இதே பொருளுடைய ஆங்கிலத் தொடர் காயத்தில் உப்புத் தேய்ப்பதைச் சொல்கிறது. நம் தொடரை அங்கே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிப்பவர் திகைப்பார், அவர்களுடைய உப்புக்குப் பதிலாக மிளகாய்த்தூளை வைத்தாலும் திகைப்பார். இரண்டாவது, தொடரின் பொருளை மட்டும் அறிந்தால் போதாது. அதன் குரலையும் அறிய வேண்டும். 'பிரேக் அ லெக்' என்பது மேடையேறும் கலைஞருக்கு வெற்றி கூறும் வாழ்த்து. வடமோடிக் கூத்தின் அரங்கேற்றத்துக்கு ஆயத்தமாகும் நண்பருக்கு இதை எழுதலாம், அவருக்கு அந்தத் தொடர் தெரிந்திருந்தால் மட்டும். தெரியாதவருக்கு எழுதினால், கால் முறியட்டும் என்ற சாபமாகவே அது போய்ச் சேரும்.

இரங்கற் செய்தியில் மிகுந்த கவனம் வேண்டும். 'கிக் த பக்கெட்' என்பதற்கு அகராதி 'இறத்தல்' என்று பொருள் தந்தாலும், அது இழிவான விளையாட்டுக் குரலுடையது; துக்கத்தின் அருகில்கூட அதற்கு இடமில்லை. 'பாஸ்ட் அவே' என்பது மென்மையானது, எவருக்கும் எழுதத்தக்கது. நம் நாட்டு ஆங்கிலத்தில் ஒருவர் காலமானதைக் குறிக்க 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டு வாசகருக்கு அந்தச் சொல் கடவுச்சீட்டுக்கும் மருந்துக்கும் பால்மா பெட்டிக்கும் உரியதாகவே பெரும்பாலும் தோன்றும். அயல்நாட்டு நண்பர் ஒருவரின் தாயார் இறந்த செய்திக்கு மறுமொழி எழுதும்போது அந்தச் சொல் வந்துவிட்டால், நாம் சொல்ல வந்த அன்பு போய்ச் சேராது.

நம் நாட்டு ஆங்கிலம்

இதில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1814இல் மெதடிஸ்த மிஷனரியாகிய வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கிய நாள் முதல் இந்த நகரில் ஆங்கிலம் எழுதப்பட்டு வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்க இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தார்கள். ஆகவே பிரித்தானிய வழக்கும் அமெரிக்க வழக்கும் இங்கே அயலவை அல்ல. அவற்றுடன் நம்முடைய மொழிகளின் வார்ப்பும் சேர்ந்து இலங்கை ஆங்கிலம் ஒன்று உருவாகியுள்ளது. விடைபெறும்போது 'கோயிங் அண்ட் கமிங்' என்பார்கள். 'போயிட்டு வாறன்' என்னும் நம் மரபு அதற்குள் அப்படியே இருக்கிறது, 'போறேன்' என்று மட்டும் சொல்ல மனம் வராத அந்த மரபு. இதைப் பிழை என்று அடித்துவிடும் ஆசிரியர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை. இலங்கையர் இலங்கையருக்கு எழுதும் நட்புக் கடிதத்தில் அது உயிருள்ள மொழி.

ஆனால் கடல் கடந்து செல்லும் எழுத்தில், பொருள் மாறிவிடும் சொற்களைக் கண்டறிந்து மாற்ற வேண்டும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற ஒருவர் தம் சுயவிபரக்கோவையில் இன்ன ஆண்டில் 'பாஸ்ட் அவுட்' என்று எழுதுவார். தெற்காசியா முழுவதிலும் அது படிப்பை முடித்து வெளியேறியதைக் குறிக்கும். பிரித்தானியாவில் படைப்பயிற்சியையும் பொலிஸ் பயிற்சியையும் முடித்தவர்களைப் பற்றி அவ்வாறு சொல்வதுண்டு. மற்றபடி ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதன் முதற்பொருள் மயங்கி விழுதல். 'கிரஜுவேட்டட்' என்று எழுதினால் எங்கும் சிக்கல் இல்லை. 'டூ த நீட்ஃபுல்' என்பது பழைய பிரித்தானிய அலுவலக வழக்கு; அங்கே பெரிதும் வழக்கொழிந்து, இங்கே நிலைத்துவிட்டது. கொழும்பு அலுவலகத்துக்கு எழுதினால் புரியும். இலண்டனுக்கு எழுதும்போது, என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் அனுப்புங்கள் என்னும் பொருளில் எழுதும் 'ரிவேர்ட்' என்பதற்கு வெளியே 'பழைய நிலைக்குத் திரும்பு' என்பதே பொருள். 'ரிப்ளை' என்னும் எளிய சொல் போதும்.

'டியர்' என்பதைத் தனியே விளியாக வைப்பதும் இங்கே பெருகிவிட்டது. 'ஓகே டியர்', 'தேங்க்ஸ் டியர்' என்று கடைக்காரரும் வாடிக்கையாளரும்கூட எழுதிக்கொள்கிறார்கள். நம்மிடையே அது 'பிள்ளை' என்று கூப்பிடுவது போன்ற பொதுவான கனிவு. ஆனால் கடிதத் தொடக்கத்தில் பெயருக்கு முன் வரும் 'டியர்' வேறு, வாக்கிய இறுதியில் தனியே நிற்கும் 'டியர்' வேறு. பின்னையது, முன்பின் அறியாத வெளிநாட்டுப் பெண் ஒருவருக்கு அளவுமீறிய நெருக்கமாகவோ, தம்மைச் சிறு பிள்ளையாக நடத்துவதாகவோ படும். 'அங்கிள்', 'அன்ட்டி' என்னும் விளிகளும் அவ்வாறே; நேரில் சொல்லும்போது முகமும் புன்னகையும் துணை நிற்கின்றன, எழுத்தில் அந்தத் துணை இல்லை.

விருந்தினருக்கு எழுதுதல்

என் மாலை வகுப்புக்கு வருவோரில் பலர் அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் விடுதி நடத்துபவர்கள் அல்லது அங்கே பணிபுரிபவர்கள். ஏறக்குறைய மே தொடக்கம் செப்டெம்பர் வரையான அலைச்சறுக்குப் பருவத்தில் அவர்களின் கைத்தொலைபேசிகளில் பல நாட்டு நாவழக்குகளும் வந்து விழும். அவுஸ்திரேலியர் 'திஸ் ஆவோ' என்று எழுதினால் அது இன்று பிற்பகல். 'ஹீப்ஸ்' என்றால் நிறைய. 'நோ வொரிஸ்' என்பது கவலையைப் பற்றிய பேச்சே அன்று, 'பரவாயில்லை' அல்லது 'சரி' என்பதற்கு நிகரானது. பிரித்தானியரும் அவுஸ்திரேலியரும் 'சியர்ஸ்' என்று முடித்தால், பெரும்பாலும் நன்றி என்றே கொள்ள வேண்டும். இவற்றுக்குப் பதில் எழுதும்போது அவர்களின் வட்டாரச் சொற்களை நாமும் எடுத்து எழுத வேண்டியதில்லை. புரிந்துகொள்வது கடமை; போலச் செய்வது கடமை அன்று. இயல்பான, பொதுவான நட்பு ஆங்கிலமே போதும்: 'தட்ஸ் ஃபைன், ஸீ யூ டுமோரோ' என்பது எந்த நாட்டவருக்கும் இதமாகப் போய்ச் சேரும்.

நேரத்தைப் பற்றிய நாவழக்கில் மட்டும் சிறிதும் அசட்டை கூடாது. பிரித்தானியர் 'ஹாஃப் செவன்' என்று எழுதினால் அது 7.30. ஜேர்மானியரின் மொழியில் அதே அமைப்பு 6.30ஐக் குறிக்கும், அவர் தம் மொழி வழக்கை நினைத்து ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு மணித்தியாலம் மாறிவிடும். விமான நிலையத்துக்கு வாகனம் ஒழுங்கு செய்யும்போது இந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெரியது என்பது பொத்துவிலில் இருந்து கட்டுநாயக்கா வரை பயணித்தவருக்குத் தெரியும். ஆகவே மறுமொழியில் எப்போதும் இலக்கத்தால் எழுதி, காலையா மாலையா என்பதையும் சேர்த்து, இசைவு கேளுங்கள். சலவைக் கட்டணப் பட்டியலில் 'பான்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் அமெரிக்கருக்கு அது காற்சட்டை, பிரித்தானியருக்கு உள்ளாடை. 'ட்ரவுசர்ஸ்' என்று எழுதினால் இருவருக்கும் விளங்கும். பாராட்டிலும் வேறுபாடு உண்டு: உணவு 'குவைட் குட்' என்று அமெரிக்கர் எழுதினால் மிக நன்று என்று மகிழலாம், பிரித்தானியர் எழுதினால் பரவாயில்லை என்ற அளவே அதில் இருக்கக்கூடும்.

கேட்பதும் மறுப்பதும்

நாவழக்கு என்பது வெறும் சொல்லின் சேதி அன்று என்பது வேண்டுகோளில்தான் தெளிவாகும். 'எனக்கு ஒரு அறை வேணும்' என்பதில் தமிழில் முரட்டுத்தனம் ஏதும் இல்லை. அதை 'ஐ வோன்ட் அ ரூம்' என்று பெயர்த்தால் ஆங்கிலத்தில் கட்டளையின் சாயல் ஏறிவிடுகிறது. 'ஐ'ட் லைக்' என்றோ 'குட் ஐ ஹேவ்' என்றோ எழுதினால், 'வேணும்' என்பதிலுள்ள இயல்பான பணிவு திரும்பக் கிடைக்கும். இன்னும் மென்மை வேண்டினால் இறந்தகால வடிவம் உதவுகிறது: 'ஐ வோஸ் வொண்டரிங் இஃப் யூ குட்' என்பதில் காலம் கடந்தது எதுவும் இல்லை, ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்பவர் ஓரடி பின்னே நின்று கேட்பது போன்ற தூரத்தை அந்த இறந்தகாலம் உண்டாக்குகிறது. ஆங்கிலத்தில் 'நீங்கள்' இருக்கும் இடங்களுள் இது ஒன்று.

'யூ ஹேட் பெட்டர்' என்பதை நம் மாணவர்கள் பணிவான ஆலோசனை என்றே கற்றிருக்கிறார்கள். உண்மையில் அதில் எச்சரிக்கை அடங்கியிருக்கிறது. செய்யாவிட்டால் கெடுதி வரும் என்னும் குரல் அதில் ஒலிக்கும். விருந்தினருக்கோ மேலாளருக்கோ அதை எழுதாமல் 'இட் மைட் பி பெட்டர் டு' என்று எழுதுங்கள். 'ஒஃப் கோர்ஸ்' என்பதும் அவ்வாறானது. உதவி கேட்டவருக்கு அது 'தாராளமாக' என்னும் இனிய பதில். தகவல் கேட்டவருக்கோ 'இதுகூடத் தெரியாதா' என்று ஒலிக்கும். 'முடிந்தவரை விரைவில்' என்னும் பொருளில் 'ஏசாப்' என்று நான்கு ஆங்கில எழுத்துகளில் முடியும் அவசரக் குறிப்பைத் தமக்குக் கீழே பணிபுரிபவருக்கு எழுதுவோரே கவனமாக எழுத வேண்டும். மேலுள்ளவருக்கு எழுதுவதைத் தவிர்த்து, எந்த நாளுக்குள் தேவை என்பதையும் ஏன் என்பதையும் சொல்லிவிட்டால் அவரே அவசரத்தை உணர்வார். ஒற்றை எழுத்துக்களாலும் எண்களாலும் சொற்களைச் சுருக்கும் கைத்தொலைபேசி எழுத்து, அதே எழுத்தை நமக்கு அனுப்புபவருக்கு மட்டும் உரியது.

ஒன்றுக்கொன்று பொருந்துமாறு எழுதுதல்

ஒரே கடிதத்தில் இரண்டு குரல்கள் கலப்பது, ஒற்றைப் பிழையைக் காட்டிலும் மோசமாகத் தோன்றும். உயர்தர மாணவி ஒருவர் புலமைப்பரிசில் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தைத் திருத்தித் தரும்படி கொண்டுவந்தார். முதற் பந்தி முழுவதும் நெடிய, முறைமையான வாக்கியங்கள். இரண்டாம் பந்தியில் தம் தம்பி தங்கையரைக் 'கிட்ஸ்' என்றும், படித்த பாடங்களைச் 'ஸ்டஃப் லைக் பயோலொஜி' என்றும் எழுதியிருந்தார். இச்சொற்கள் தம்மளவில் பிழையற்றவை. ஆனால் முதற் பந்தி எழுப்பிய குரல் அவற்றால் அறுந்துவிட்டது. 'சில்ட்ரன்', 'சப்ஜெக்ட்ஸ்' என்னும் சொற்களே அங்கே பொருந்தின. மறுதலையாக, விருந்தினருக்கு 'ஹாய்' என்று தொடங்கிய செய்தியில் 'அஸர்டெய்ன்', 'கமென்ஸ்' என்று எழுதினால் அதுவும் அறுந்த குரலே. 'ஃபைன்ட் அவுட்', 'ஸ்டார்ட்' என்பனவே அங்கு உரியவை. இவ்வாறு வினையும் துணைச்சொல்லும் சேர்ந்து வரும் தொடர்கள் யாவும் நாவழக்கு என்று ஒதுக்குவதும் தவறு. 'கெரி அவுட்' ஆய்வறிக்கையிலும் வரும். 'லுக் ஃபோர்வர்ட் டு' எல்லா நிலைகளுக்கும் பொது. ஆனால் அதன் பின் வரும் வினை 'இங்' ஏற்க வேண்டும்: 'மீட்டிங் யூ' என்பதே சரி, 'மீட் யூ' என்பது பிழை.

ஐயுறும் தொடரை அகராதியில் தேடும்போது பொருளோடு நின்றுவிடாமல், அதற்கு முன்னால் சாய்ந்த எழுத்திலோ சிறிய எழுத்திலோ இடப்பட்டிருக்கும் குறிப்பையும் படியுங்கள். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் 'இன்ஃபோர்மல்' என்றிருந்தால் நண்பருக்கும் சக பணியாளருக்கும் எழுதலாம். 'ஸ்லாங்' என்றிருந்தால் படித்துப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அவ்வகைச் சொற்கள் குழுவுக்குக் குழு மாறுவன, விரைவில் பழசாகுவன. 'ஒஃபென்ஸிவ்' என்றிருந்தால் எவருக்கும் எழுதக்கூடாது.

அத்துடன் ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். உங்களுக்கு வரும் கடிதங்களிலும் செய்திகளிலும் காணும் புதிய தொடர் ஒவ்வொன்றையும், அதன் பொருளுடன், அதை யார் யாருக்கு எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதினார் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். அகராதி பொருளைத் தரும். இந்த மூன்றாவது விவரத்தை உங்கள் குறிப்பேடே தரும். ஒரே தொடரை வெவ்வேறு மூவர், ஒத்த தூரத்தில் உள்ளவர்களுக்கு எழுதியதை நீங்கள் பதிந்த பின்னர், அதே தூரத்தில் உள்ள ஒருவருக்கு முதன்முறையாக நீங்களும் அதை எழுதிப் பாருங்கள்.